பேஸ் கேட்கவில்லையா? முதலில் அந்த 'பேஸ்' குமிழிலிருந்து கையை எடுங்கள்!

எந்தக் கல்லூரி இசைக்குழுவை எடுத்துக்கொண்டாலும் இந்தக் காட்சி ஒருமுறையாவது அரங்கேறியிருக்கும். பாட்டு முடிகிறது. கைதட்டல். முன்வரிசையில் இருந்த நண்பன் ஓடி வந்து, "பாட்டு சூப்பர், ட்ரம்ஸ் பிச்சு எடுத்துட்டான், லீட் கிடாரைப் பத்திச் சொல்லவே வேணாம்... ஆனா மச்சி, உன் பேஸ்தான் கேக்கவே இல்லடா" என்கிறான்.

பேஸ் கிடார் வாசித்தவன் என்ன செய்வான்? அடுத்த ஒத்திகையில் நேராக ஆம்ப்பிடம் போவான். 'பேஸ்' என்று எழுதியிருக்கும் குமிழை வலது பக்கம் கடைசி வரைக்கும் திருகுவான். வாசிப்பது பேஸ், கேட்காதது பேஸ், குமிழின் பெயரும் பேஸ். வேறு எதைத்தான் திருகுவது?

அப்போதும் கேட்காது. ஆம்ப் மட்டும் 'பர்ர்ர்' என்று கிழிந்த தகரம் மாதிரி அதிரும். உடனே ஒரு சீனியர் தீர்ப்பு எழுதுவார்: "இது டப்பா ஆம்ப்டா. 300 வாட் வாங்கு." கடைக்காரரும் அதையே சொல்வார் (அவர் சொல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம்!). குற்றவாளி யாரென்று விசாரிக்காமலேயே பழி ஆம்ப் மேல் விழுகிறது. அபராதம் கட்டுவதோ வீட்டில் இருக்கும் அப்பா!

இந்தத் தீர்ப்பு தப்பு. பெரும்பாலான நேரங்களில் ஆம்ப் நிரபராதி. அதன் மேல் இருக்கும் மூன்று நான்கு குமிழ்களைத் தலைகீழாக வைத்துவிட்டு, பெட்டியைக் குறை சொல்லும் பழக்கம்தான் குற்றவாளி.

பெயரில் இருக்கும் மோசடி

காம்போ ஆம்ப் என்பது ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டிக்குள் இருக்கும் சமாசாரம். மாணவர்கள் கையில் இருப்பது பெரும்பாலும் 8 அல்லது 10 அங்குல ஸ்பீக்கர் ஒன்று கொண்ட சின்னப் பெட்டி. இந்தச் சின்னப் பெட்டியிடம் என்ன எதிர்பார்க்கலாம், என்ன எதிர்பார்க்கக் கூடாது என்பது தெரிந்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

நான்கு தந்தி பேஸ் கிடாரின் தடித்த தந்தி 'இ'. அதன் அதிர்வெண் சுமார் 41 ஹெர்ட்ஸ். ஆனால் தந்தியை மீட்டும்போது 41 மட்டும் வருவதில்லை. 82, 123, 165 என்று அதன் மடங்குகளும் சேர்ந்தே பிறக்கின்றன. சின்ன காம்போவில் அந்த 41 ஹெர்ட்ஸ் வெகு பலவீனமாகத்தான் வெளியே வரும். காதுக்குப் போய்ச் சேர்வதில் பெரும்பகுதி இந்த மடங்குகள்தான். அவற்றை வைத்துக்கொண்டு மூளை தானாகவே அடிப்படைச் சுரத்தை ஊகித்துக்கொள்கிறது.

இது நம்புகிற மாதிரி இல்லையா? இளையராஜாவின் 80களின் பாட்டு ஒன்றை நினைத்துப் பாருங்கள். அந்தப் பேஸ் வரிகளை ஒரு தலைமுறையே வாயால் முணுமுணுத்தது. அவர்கள் எதில் கேட்டார்கள்? டீக்கடை ரேடியோவில், டவுன் பஸ் ஸ்பீக்கரில், உள்ளங்கை அகல ட்ரான்சிஸ்டரில். அந்த ஸ்பீக்கர்களுக்கும் 41 ஹெர்ட்ஸுக்கும் சொந்தமும் கிடையாது, பந்தமும் கிடையாது. இருந்தும் பேஸ் ஒவ்வொரு சுரமாகக் கேட்டது. கேட்க வைத்தது அடியாழத்து உறுமல் அல்ல. அதற்கு மேலே, சுமார் 100 முதல் 1000 ஹெர்ட்ஸ் வரை இருக்கும் பகுதி.

பல ஆம்ப்களில் 'பேஸ்' குமிழ் தொடுவது 100 ஹெர்ட்ஸும் அதற்குக் கீழும்தான். பேஸ் கிடாரை 'கேட்க' வைக்கும் பகுதியில் பெரும்பங்கு 'மிட்' குமிழின் கையில் இருக்கிறது. பேஸ் குமிழ் பேஸ் கிடாருக்கான குமிழ் அல்ல! பெயர்ப் பொருத்தத்தைப் பார்த்து ஏமாந்ததுதான் மிச்சம்.

சிரிக்கும் முகம், அழும் பேஸ்

இன்னொரு பழக்கம் இதைவிட மோசம். பேஸை ஏற்று, ட்ரபிளை ஏற்று, மிட்டை அடியோடு இறக்கு. ஈக்வலைசரில் பார்த்தால் சிரிக்கும் வாய் மாதிரி வளைந்திருக்கும். கிட்டத்தட்ட எல்லாப் புதியவர்களும் இந்தச் சிரிப்பில் மயங்குகிறார்கள்.

ஏன் மயங்குகிறார்கள் என்பதற்குக் காரணம் உண்டு. அறைக்குள் தனியாக, பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வராத அளவுக்கு மெதுவாக வாசிக்கும்போது அது உண்மையாகவே நன்றாக இருக்கும். மெல்லிய சத்தத்தில் மனிதக் காது தாழ்ந்த அதிர்வெண்களைச் சரியாகப் பிடிப்பதில்லை. பெல் ஆய்வகத்தின் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே இதை அளந்து வரைபடமாக வெளியிட்டுவிட்டார்கள். சத்தம் குறைந்தால் காதுக்குப் பேஸ் போதாது, சத்தம் கூடினால் அதே காதுக்கு அதே பேஸ் அதிகமாகத் தெரியும். ஆக, இரவு பத்து மணிக்கு அறையில் பார்த்துப் பார்த்து அமைத்த டோன், மறுநாள் மேடைச் சத்தத்தில் வேறு ஆளாக மாறிவிடும். 'டம்... டம்...' என்ற ஒரே இரைச்சல். எந்தச் சுரம் என்று வாசித்தவனுக்கே தெரியாது.

அதோடு போகவில்லை. குழுவில் எல்லோரும் சேர்ந்து வாசிக்கும்போது இடம் எப்படிப் பங்கு பிரிகிறது என்று கவனிக்க வேண்டும். அடியில் கிக் ட்ரம் உட்கார்ந்திருக்கிறது. மேலே சிம்பல் முழுசாக ஆக்கிரமித்துக்கொள்கிறது. கிடாரின் கடிப்பும் பாடகரின் 'ச', 'ஷ' ஒலிகளும் அங்கேதான். சிரிக்கும் முகம் வைத்தவன் கிக் ட்ரம்மோடும் சிம்பலோடும் மோதப் போகிறான். இரண்டு இடத்திலும் தோற்கிறான். தன் பெயருக்குப் பட்டா போட்டிருந்த நடுப்பகுதியைத் தன் கையாலேயே காலி செய்துவிட்டு, "எனக்கு இடமே இல்லை" என்று புலம்புகிறான்!

தனியாகக் கேட்டால் மிட் தூக்கலான பேஸ் கொஞ்சம் மூக்கால் பேசுகிற மாதிரிதான் இருக்கும், அழகாக இருக்காது. இருக்கட்டுமே. தனியாகக் கேட்கவா அதை வாசிக்கிறார்கள்? சாம்பாரில் போடும் புளியைத் தனியாக நக்கிப் பார்த்து யாரும் தீர்ப்புச் சொல்வதில்லை.

வாட் மயக்கம்

இப்போது அந்த 300 வாட் விஷயத்துக்கு வருவோம்.

வாட் இரண்டு மடங்கானால் சத்தம் இரண்டு மடங்காகாது. 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு ஏறக்குறைய 'இரண்டு மடங்கு சத்தம்' என்று தோன்ற 10 டெசிபல் வேண்டும். அதாவது பத்து மடங்கு வாட். அதே மாதிரி ஸ்பீக்கர் என்றால், 30 வாட் ஆம்ப்பை விற்று 60 வாட் வாங்கியவன் வாங்கியது அந்த 3 டெசிபலை மட்டுமே.

இதையே திருப்பிப் போட்டுப் பார்த்தால் வேடிக்கை புரியும். பல ஆம்ப்களில் பேஸ் குமிழை முழுக்கத் திருகினால் தாழ்ந்த பகுதி சுமார் 15 டெசிபல் ஏறும். 15 டெசிபல் என்றால் ஏறத்தாழ 32 மடங்கு சக்தி. குமிழ் நடுவில் இருந்தபோது 1 வாட் கேட்ட தாழ்ந்த சுரம் இப்போது 32 வாட் கேட்கிறது. ஆம்ப்போ 30 வாட்! மற்ற சுரங்களுக்கு, மற்ற அதிர்வெண்களுக்கு எல்லாம் மிச்சம் என்ன? பூஜ்யம். 'பர்ர்ர்' சத்தம் வந்தது இப்படித்தான்.

ஸ்பீக்கரின் நிலை இன்னும் பரிதாபம். ஒரு ஆக்டேவ் கீழே இறங்கி அதே அளவு சத்தம் தர வேண்டுமானால், அதன் கோன் நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் ஆட வேண்டும். சின்ன ஸ்பீக்கருக்கு அவ்வளவு தூரம் ஆட வழியே இல்லை. அது எல்லையில் போய் முட்டிக்கொள்ளும். ஆக, அந்தச் சின்ன காம்போவில் பேஸ் குமிழை ஏற்றுவது, ஸ்பீக்கரால் தர முடியாத ஒன்றுக்கு இருக்கிற வாட்டையெல்லாம் தாரை வார்ப்பது. விழலுக்கு இறைத்த நீர்.

வரலாற்றைக் கொஞ்சம் பார்க்கலாம். ஆம்ப்பெக் நிறுவனம் 1960-ல் கொண்டுவந்த போர்ட்டாஃப்ளெக்ஸ் பி-15 வெறும் 25 வாட். ஒரே ஒரு 15 அங்குல ஸ்பீக்கர். இன்றைக்கும் பேஸ்காரர்கள் பக்தியோடு பேசும் ஆம்ப் அது. டெட்ராய்ட்டின் மோட்டவுன் பாடல்களுக்கு பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், சின்ன இடங்களில் வாசிக்க இதைத்தான் வைத்திருந்தார்.

விஷயம் தெரிந்தவர்கள் இங்கே கையைத் தூக்குவார்கள்: "ஜேமர்சன் பேஸ் குமிழை முழுசா ஏத்தி வைப்பாராமே?" ஆமாம், அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் அது பெரிய ஸ்பீக்கர். தவிர, உலகமே கேட்டு மயங்கிய அந்த இசைத்தட்டுகளில் பெரும்பாலும் அவருடைய பேஸ் ஆம்ப் வழியாக வரவே இல்லை. கிடாரிலிருந்து நேராக ஸ்டூடியோவின் கன்சோலுக்குப் போனது. கனமான ஃப்ளாட்வூண்ட் தந்திகள், பாலத்துக்குப் பக்கத்தில் தந்தியை அமுக்கும் ஒரு துண்டு ஸ்பாஞ்ச், மீட்ட ஒற்றை ஆள்காட்டி விரல். இவ்வளவுதான். சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். விரலில் இல்லாத சத்தத்தை எந்தக் குமிழும் கொண்டுவராது.

நியாயமாகப் பேசினால் ஒன்றை ஒப்புக்கொண்டே ஆக வேண்டும். முழு ட்ரம்ஸ் செட்டை ஒருவன் வெளுத்து வாங்கும்போது, எதிரில் 15 வாட் பயிற்சி ஆம்ப்பை வைத்துக்கொண்டு ஜெயிக்க முடியாது. குமிழை எப்படி வைத்தாலும் முடியாது. அந்த இடத்துக்கு 100 வாட்டுக்கு மேல், கொஞ்சம் பெரிய ஸ்பீக்கரோடு தேவைதான். 1969-ல் அதே ஆம்ப்பெக் 300 வாட் எஸ்விடியைப் பெரிய மேடைகளுக்காகக் கொண்டுவந்ததும் இந்தக் காரணத்தால்தான். ஆனால் குமிழ்களைச் சரியாக வைத்துப் பார்த்த பிறகு எடுக்க வேண்டிய முடிவு அது. பார்க்காமலேயே வாங்கினால், 300 வாட்டிலும் அதே சிரிக்கும் முகத்தை வைத்து, இன்னும் பெரிய இரைச்சலைத்தான் உண்டாக்குவான்.

கூடம் நிஜமாகவே கோணல்

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். பேஸ் விஷயத்தில் அவளைக் கிண்டல் செய்ய முடியாது, கூடம் நிஜமாகவே கோணல்தான்!

41 ஹெர்ட்ஸ் ஒலி அலையின் நீளம் எட்டு மீட்டருக்கு மேல். ஒத்திகை அறையோ நான்கு மீட்டர் நீளம் இருந்தால் அதிகம். நான்கு மீட்டர் அறை சுமார் 43 ஹெர்ட்ஸிலும், அதன் இரட்டிப்பான 86-லும் தானாக ஒத்ததிரும். இவை இரண்டும் 'எஃப்' சுரத்துக்கு வெகு அருகில். ஆக, அந்த அறையில் 'எஃப்' வாசித்தால் ஜன்னல் கண்ணாடி அதிரும், பக்கத்துச் சுரம் சாதுவாக இருக்கும். "ஆம்ப்ல ஒரு சுரம் மட்டும் உதறுது" என்று ரிப்பேருக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. ரிப்பேர் செய்ய வேண்டியது சுவரை!

ஆம்ப்பை எங்கே வைப்பது என்பதை யாரும் யோசிப்பதே இல்லை. சுவரோரம் வைத்தால் தாழ்ந்த பகுதி கூடும். மூலையில் வைத்தால் இன்னும் கூடும். இடைஞ்சல் இல்லாமல் இருக்கட்டும் என்று மூலையில் தள்ளிவிட்டு, அங்கே பேஸ் குமிழையும் ஏற்றினால் கேட்பானேன்! இரைச்சலாக இருந்தால் சுவரிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி வைத்துப் பார்க்க வேண்டும். காசு செலவில்லாத ஈக்வலைசர் இது.

அடுத்தது உயரம். காம்போ தரையில் இருக்கிறது. வாசிப்பவன் அதற்கு முன்னால் ஒன்றரை அடி தள்ளி நிற்கிறான். ஸ்பீக்கரின் உயர்ந்த அதிர்வெண்கள் நேர்கோட்டில் போகிறவை. அவை அவனுடைய முழங்காலில் போய் முடிகின்றன. முழங்காலுக்குக் காது இல்லை. "ட்ரபிள் பத்தல" என்று அவன் ஏற்ற, எதிரே பத்தடி தள்ளி உட்கார்ந்திருப்பவர் காதில் அது ஆணி அடிக்கும். ஆம்ப்பை ஒரு உறுதியான நாற்காலி மேல் ஏற்றினாலோ, முன்பக்கத்தை லேசாக மேல்நோக்கிச் சாய்த்தாலோ வாசிப்பவனுக்குத் தன் சத்தம் தெளிவாகக் கேட்கும். தரையோடு சேர்ந்து எழும் உறுமலும் கொஞ்சம் அடங்கும்.

அப்படியானால் என்னதான் செய்வது?

வரிசை முக்கியம். முதலில் கிடாரின் வால்யூம் முழுசாக. கிடாருக்குள் 9 வோல்ட் பேட்டரி இருந்தால் அது ஆக்டிவ் கிடார். ஆம்ப்பில் 'ஆக்டிவ்' என்று தனி ஜாக்கோ பட்டனோ இருந்து, சிக்னல் அதிகமாகி உதறினால் அதைப் பயன்படுத்தலாம். பேட்டரி இல்லாத பாஸிவ் கிடாரை அந்த ஜாக்கில் சொருகினால் காரணமே இல்லாமல் சத்தம் குறையும்.

இரண்டாவது, கெயின். பாட்டில் எவ்வளவு பலமாக அடிப்பானோ அவ்வளவு பலமாக மீட்டிக்கொண்டே கெயினை ஏற்ற வேண்டும். சிவப்பு விளக்கு கண் சிமிட்ட ஆரம்பித்ததும் ஒரு துளி இறக்கிவிட வேண்டும். சத்தத்தை மாஸ்டர் வால்யூம் பார்த்துக்கொள்ளும்.

மூன்றாவது, எல்லா டோன் குமிழ்களும் நடுவில், பன்னிரண்டு மணி நிலையில். (எச்சரிக்கை: பழைய ஃபெண்டர் பாணி சர்க்யூட் இருந்தால் 'நடு' என்பது சமநிலை அல்ல. அதில் மிட்டை முழுக்க ஏற்றி, பேஸையும் ட்ரபிளையும் நன்றாக இறக்கினால்தான் சமநிலைக்குப் பக்கத்தில் வரும்.)

நான்காவதுதான் உயிர்நாடி: குழு முழுசாக வாசிக்கும்போதுதான் டோன் குமிழைத் தொட வேண்டும். தனியாக இருக்கும்போது தொடவே கூடாது. நீளமான கேபிள் ஒன்றை மாட்டிக்கொண்டு, கேட்பவர்கள் உட்காரும் இடத்துக்குப் போய் நின்று வாசித்துப் பார்க்க வேண்டும். இரைச்சலாக இருந்தால் பேஸைக் கொஞ்சம் இறக்கு. காணாமல் போனால் மிட்டைக் கொஞ்சம் ஏற்று. வால்யூமைத் தொடுவது கடைசி. ஒன்றை ஏற்றுவதற்கு முன் வேறு எதையாவது இறக்க முடியுமா என்று பார்ப்பது புத்திசாலித்தனம்.

பெரிய மேடையில் ஆம்ப்பிலிருந்து 'டிஐ' வழியாக மைக் செட் அண்ணனுக்கு ஒரு வயர் போகும். அங்கே 'ப்ரீ' என்று பட்டன் இருந்தால் அதை அமுக்கிவிட வேண்டும். தன் காதுக்காக ஆம்ப்பில் செய்யும் திருகல் எதுவும் அரங்கத்துக்குப் போகாது. கூட்டத்துக்குக் கேட்க வைப்பது பெரிய ஸ்பீக்கர்களின் வேலை. காம்போவின் வேலை வாசிப்பவனுக்குக் கேட்க வைப்பது மட்டும்.

எதிர்வாதங்கள்

"ஸ்லாப் வாசிக்க சிரிக்கும் முகம்தான் வேணும்" என்பார்கள். ஓரளவு உண்மை. கட்டைவிரலால் தட்டும் அந்தப் பாணிக்கு நடுப்பகுதியைக் குறைத்த சத்தம் எடுப்பாக இருக்கும். ஆனால் இசைத்தட்டில் அதைக் கேட்டு ரசிப்பவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். அங்கே மிக்ஸிங் செய்தவர் மற்ற வாத்தியங்களை ஒதுக்கி அதற்கு இடம் செய்து கொடுத்திருக்கிறார். ஒத்திகை அறையில் அப்படி ஒதுங்கிக்கொடுக்க யார் இருக்கிறார்கள்?

"டோன் என்பது அவனவன் ரசனை" என்பது அடுத்தது. சந்தேகமே இல்லை. ஆனால் அடுத்தவன் காதுக்கு எட்டாத ரசனையை வைத்துக்கொண்டு மேடையில் என்ன செய்வது?

மூன்றாவது வாதம்தான் நியாயமானது: "பேஸ்காரன் மட்டும்தான் திருந்தணுமா?" இல்லை. கீபோர்ட் வாசிப்பவரின் இடது கை பேஸ் வரியையே இன்னொருமுறை வாசித்துக்கொண்டிருந்தால், கிடார்காரர் தன் ஆம்ப்பிலும் பேஸ் குமிழை முழுக்க ஏற்றியிருந்தால், எந்த மிட்டும் காப்பாற்றாது. அந்த இடது கையைக் கொஞ்சம் சும்மா இருக்கச் சொல்வதும் பேஸ் டோனின் ஒரு பகுதிதான். சொல்ல மாட்டார்கள். சண்டை வரும் என்று வால்யூமை ஏற்றுவார்கள். பதிலுக்கு கிடார் ஏறும், ட்ரம்ஸ் ஏறும். அமெரிக்காவின் 'நியோஷ்' பணிப்பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி 85 டெசிபல் சத்தத்தில் எட்டு மணி நேரம் இருக்கலாம். 100 டெசிபல் என்றால் 15 நிமிடம்தான். சின்ன அறையில் நடக்கும் இந்த வால்யூம் போட்டி 100-ஐத் தொடுவது ஒன்றும் கஷ்டமில்லை. ஒத்திகையோ இரண்டு மணி நேரம். ஆம்ப் போனால் வேறு வாங்கலாம்.

கடைசியாக...

'பேஸ் கேட்கவில்லை' என்பது சின்ன விஷயமாகத் தெரியலாம். கேட்காத வாத்தியத்தை வாசிப்பவன் குழுவில் எவ்வளவு நாள் இருப்பான்? "பேஸ் இல்லாட்டியும் பாட்டு ஓடுதே" என்று ஒருநாள் யாராவது சொல்வார்கள். இடத்தை கீபோர்டின் இடது கை எடுத்துக்கொள்ளும். கிடார் ஹாஸ்டல் பரண் மேல் ஏறும். அவன் சரியான சுரங்களைத்தான் வாசித்துக்கொண்டிருந்தான், சரியான தாளத்தில்தான் வாசித்துக்கொண்டிருந்தான். யாருக்கும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அதனால் அடுத்த முறை யாராவது "டப்பா ஆம்ப், மாத்திடு" என்று சொன்னால், பர்ஸை எடுப்பதற்கு முன்னால் ஒரே ஒரு ஒத்திகை பொறுக்கலாம். பெட்டியை மூலையிலிருந்து இழுத்து, நாற்காலி மேல் தூக்கி வைத்து, பேஸைக் குறைத்து, மிட்டைக் கொஞ்சம் ஏற்றி, குழுவோடு ஒரு பாட்டு. அதற்கு ஆகும் செலவு ஐந்து நிமிடம்.

அப்போதும் கேட்கவில்லை என்றால், தாராளமாகக் கடைக்குப் போகட்டும்.